'ஏ' ஒரு மாட்டுத் தலை: ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,



நான் அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டு கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடக்கையில் பிடித்த ஸ்டிக்கில் அடுக்குவது என் தொழில். கோத்த வரியை எங்கள் தொழிலில் யாரும் நேராகப் படிப்பதில்லை. எழுத்தின் கால் மேலேயும் தலை கீழேயும் இருக்கும்; அப்படியே தலைகீழாக, இடமிருந்து வலம் படித்துப் பிழை பார்ப்போம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் என் பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரத்து வீட்டுப்பாடம், நான்கு கோடு நோட்டில் ஆங்கில 'ஏ' ஒரு பக்கம் முழுக்க. பாதிப் பக்கம் எழுதியதும் பென்சிலை வைத்துவிட்டாள்.

"தாத்தா, இதுக்கு ஏன் 'ஏ'ன்னு பேரு? ஏன் கூடாரம் மாதிரி இருக்கு?"

"மிஸ்கிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேன். அது அப்படித்தான், எழுதுன்னாங்க."

நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் அந்த ஆசிரியை மேல் எனக்குக் குறையே கிடையாது. எனக்கும் பதில் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. 'ஏ' என்ற எழுத்தை எத்தனை ஆயிரம் முறை கையில் எடுத்திருப்பேன்! அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடம் ஒப்படைக்கவே இந்த மடல்.

வேலையை விட்டு வந்தபோது நினைவுக்காகக் கொண்டுவந்த ஈய எழுத்துகள் சில என் மேசையில் கிடக்கின்றன. அதில் பெரிய 'ஏ' ஒன்றை எடுத்து, ஸ்டிக்கில் வைப்பதுபோலத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். குறுக்குக் கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம், அது முகம். கோட்டுக்கு மேலே விரிந்து நிற்கும் இரண்டு கால்கள், அவை கொம்புகள். ஒரு மாட்டின் தலை. முப்பத்தாறு ஆண்டு அது என் கண் எதிரேயே இருந்திருக்கிறது. இது என் கற்பனை இல்லை. அந்த எழுத்து மாட்டின் தலையாகத்தான் பிறந்தது. பிறந்து ஏறத்தாழ 3,800 ஆண்டு ஆகிறது.

சினாய் தீபகற்பத்தின் தென்மேற்கில் செராபித் எல் காதிம் என்று ஒரு குன்று. டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லுக்காக எகிப்திய அரசர்கள் அங்கே சுரங்கம் வெட்டினார்கள். குன்றின் உச்சியில் ஹாத்தோர் தேவிக்குக் கோயில் கட்டினார்கள். பசுவின் உருவிலும் பசுக் காதுகளோடும் காட்டப்படும் தேவி அவள். சுரங்க வேலைக்கு எகிப்தியர் மட்டும் வரவில்லை. கானான் பகுதியிலிருந்து, அதாவது இன்றைய பாலஸ்தீனம், இஸ்ரேல், லெபனான் பக்கத்திலிருந்து, வேறு மொழி பேசும் மக்களும் வந்தார்கள். எகிப்தியக் கல்வெட்டுகளே அதைச் சொல்கின்றன.

1905ஆம் ஆண்டு பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேய அகழாய்வாளர் அங்கே தோண்டியபோது மணற்கல்லில் செய்த சின்ன ஸ்பிங்ஸ் சிலை ஒன்று கிடைத்தது. ஒரு சாணைவிடச் சற்றே நீளம். இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரண்டு வகை எழுத்து. ஒன்று முறையான எகிப்தியச் சித்திர எழுத்து. மற்றொன்று யாருக்கும் புரியாத, பழகாத கை கீறியதுபோன்ற கோணல் குறிகள். அதே குறிகள் சுரங்க வாயிற்பாறைகளிலும் இருந்தன.

பதினோரு ஆண்டு கழித்து, 1916இல், ஆலன் கார்டினர் என்ற எகிப்தியவியல் அறிஞர் முடிச்சை அவிழ்த்தார். நான்கு குறிகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். ஒரு வீடு, ஒரு கண், மாடு ஓட்டும் தார்க்குச்சி, ஒரு குறுக்கு அடையாளம். கானான் மக்களின் மொழியில் வீடு 'பேத்', கண் 'அயின்'. தார்க்குச்சியின் எழுத்துப் பெயர் 'லாமெத்'. குறுக்குக் குறியின் பெயர் 'தாவ்'. அந்தப் பெயர்களின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கோத்தால் 'பஅலத்' என்று வருகிறது. 'தலைவி' என்று பொருள். சிலையின் மறுபக்கம் எகிப்திய எழுத்து ஹாத்தோரின் அன்புக்குரியவன் என்று சொல்ல, இந்தப் பக்கம் வேற்றூர்க் கூலிக்காரர்கள் அதே தேவியைத் தங்கள் மொழியில் தலைவி என்று அழைத்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்த வித்தையை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. தமிழில் யாரும் அப்படி எழுதியதில்லை என்றாலும், எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கண் வரைந்தால் 'க' என்ற ஒலி. இலை வரைந்தால் 'இ'. பல் வரைந்தால் 'ப'. டமாரம் வரைந்தால் 'ட'. 'படகு' என்று எழுத வேண்டுமா? பல், டமாரம், கண் என்று மூன்று படம் போடுங்கள். கடைசி உகரத்தைப் படிப்பவரே சேர்த்துக்கொள்வார். அந்தப் பழைய எழுத்திலும் உயிரொலிக்குக் குறி கிடையாது, படிப்பவர்தான் சேர்த்துக்கொண்டார்.

இதன் அருமை புரிய எகிப்திய எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எகிப்தியச் சித்திர எழுத்தில் பல நூறு குறிகள். சில குறி ஒரு முழுச் சொல்லைக் காட்டும், சில ஒலியைக் காட்டும், சில பொருளை உணர்த்த மட்டும் சும்மா நிற்கும். அதைக் கற்கச் சிறு வயதிலேயே எழுத்தர் பள்ளிக்குப் போய்ப் பல ஆண்டு உட்கார வேண்டும். ஒற்றை ஒலிக்கான குறிகள் எகிப்தியரிடமும் இருந்தன. ஆனால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அரண்மனையில் எழுதியவருக்கு அந்தத் தேவை எழவில்லை. கானான் மக்கள் முப்பதுக்கு உட்பட்ட குறிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பிள்ளை சில வாரத்தில் கற்றுவிடலாம்.

இதைப் படைத்தவர்கள் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளர்களே என்று ஓர்லி கோல்ட்வாசர் என்ற எகிப்தியவியல் பேராசிரியர் வாதிடுகிறார். எகிப்திய எழுத்து அறிந்தவரின் கையும் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. 1990களில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், வாடி எல் ஹோல் என்ற பழைய வணிகப் பாதையின் பாறையில், ஜான் டார்னெல், டெபோரா டார்னெல் இணையர் இதே வகையான இரண்டு கல்வெட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். அதே இடத்தில் 'ஆசியர்களின் தளபதி' என்று பட்டம் கொண்ட பெபி என்பவரைக் குறிக்கும் எகிப்தியக் கல்வெட்டும் இருக்கிறது. ஆக, சுரங்கமோ படை முகாமோ, ஊரைவிட்டுப் பிழைக்க வந்த மக்களிடையேதான் இந்த எழுத்தின் மிகப் பழைய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அரசனின் புகழைப் பாட அது பிறக்கவில்லை.

கானான் மக்கள் தங்கள் ஊரில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் நெஞ்சு நெகிழ்கிறது. தென் இஸ்ரேலின் பழைய லாகீஷ் நகரத்தில் ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர், அகலம் இரண்டரை. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு பெரிய பல். மறுபக்கம் பேனும் ஈரும் வாரப் பதினான்கு நுண்ணிய பல். நம் வீட்டுப் பேன்சீப்பேதான். தோண்டி எடுத்துப் பல ஆண்டு கழித்துத்தான் அதன் மேல் மெல்லிய கீறல்கள் இருப்பதைக் கவனித்தார்கள். பதினேழு எழுத்து, ஏழு சொல். தலைமுடியிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் வேரோடு எடுக்கட்டும் என்பது அதன் பொருள். ஆய்வு 2022இல் வெளியானது. சீப்பின் காலம் ஏறத்தாழ கி.மு. 1700 என்று கணித்திருக்கிறார்கள். கானான் எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு வாக்கியம் பேனைப் பற்றியது! பிள்ளையைக் கால்களுக்கிடையே உட்கார வைத்துப் பேன் பார்க்காத தாய் உண்டா? 3,700 ஆண்டு முன்னால் வாழ்ந்தவரை ஒரே வரியில் நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிடுகிறது அந்த எழுத்து.

இனி பெயருக்கு வருகிறேன். மாட்டுத் தலைக் குறிக்குப் பெயர் 'ஆலெப்', மாடு. வீட்டுக் குறிக்குப் பெயர் 'பேத்', வீடு. வரிசையில் முதல் இரண்டும் இவையே. சிரியக் கடற்கரையில் உகாரித் என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் முப்பது எழுத்து வரிசையாகப் பதிந்திருக்கிறது. பலகை ஒரு விரல் நீளம்தான். வயது 3,200 ஆண்டுக்கு மேல். ஆப்பு வடிவ எழுத்தில் இருந்தாலும் தொடக்கம் அதே 'அ', 'ப' ஒலிகள்தான். இன்று உங்கள் வகுப்புப் பிள்ளை 'ஏ, பி' என்று தொடங்குவது அந்த வரிசையின் தொடர்ச்சி.

கடலோடிகளான பினீசியர்கள் இருபத்திரண்டு எழுத்துகளாக இதைச் சீர்செய்து கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கரிடம் எழுத்து வேரூன்றியிருப்பதைக் காண்கிறோம். எழுத்தைத் தங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் பினீசியர்களே என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். வாங்கிய கையோடு கிரேக்கர் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். 'ஆலெப்' பினீசியருக்கு உயிரெழுத்து கிடையாது; தொண்டையை நொடிப்பொழுது அடைத்துத் திறக்கும் ஒரு மெய்யொலி. அந்த ஒலி கிரேக்க மொழியில் இல்லை. வேலையில்லாமல் நின்ற குறியை அவர்கள் 'அ' என்ற உயிருக்குக் கொடுத்தார்கள். கண்ணைக் குறித்த 'அயின்' வட்டம் 'ஒ' ஆயிற்று. அதுதான் இன்றைய ஆங்கில 'ஓ'; இமை மூடாத கண். வட்டமாக நிற்கும் அந்த எழுத்தைப் பிள்ளைகள் ஒருமுறை கண்ணாகப் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

பெயர்களையும் கிரேக்கர் வாங்கிக்கொண்டார்கள். ஆலெப் 'ஆல்ஃபா' ஆயிற்று, பேத் 'பீட்டா' ஆயிற்று. கிரேக்க மொழியில் அவற்றுக்குப் பொருள் எதுவும் இல்லை. மாடு பெயராக மட்டும் மிஞ்சியது. உருவமும் திரும்பிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் கொம்பு மேலே. பினீசியர் கையில் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கிரேக்கர் கையில் கொம்பு கீழே வந்து நிலைத்தது. ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டையும் சேர்த்து எழுத்து வரிசை முழுவதுக்கும் 'ஆல்ஃபபெட்' என்ற பெயர் வந்தது. இலத்தீனில் அந்தச் சொல்லை கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த தெர்துல்லியனிடம் காண்கிறோம். ஆக, ஆல்ஃபபெட் என்று சொல்லும்போதெல்லாம் நாம் சொல்வது 'மாடு-வீடு'.

மற்ற எழுத்துகளும் இப்படித்தான். 'எம்' தண்ணீரின் அலை. 'கே' விரித்த உள்ளங்கை. 'ஆர்' மனிதத் தலை. 'எல்' அந்தத் தார்க்குச்சி. மாடு, வீடு, தண்ணீர், கை, தலை, கண், குச்சி. ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை காலையில் எழுந்ததும் காணும் பொருள்களே இந்த வரிசை முழுக்க. ஆனால் நாம் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று தொடங்குகிறோம். ஆப்பிள் விளையாத ஊரில், மாடு கட்டிய வீட்டுப் பிள்ளைக்கு, மாட்டின் தலையைக் காட்டி ஆப்பிள் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

இந்த மாடும் வீடும் நம் ஊரில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. மதரசாவில் 'அலிஃப், பா' என்று ஓதும் பிள்ளையின் நாவில் இருப்பது அதே ஆலெப், அதே பேத். தேவாலயத்துக்குப் போகும் பிள்ளைக்கு பெத்லகேம், பெத்தேல் என்ற பெயர்கள் தெரியும். அவற்றின் முன்பாதியில் இருப்பது வீடு என்னும் அந்த 'பேத்'. தமிழ் விவிலியத்தில் 119ஆம் சங்கீதம் இருபத்திரண்டு பகுதியாகப் பிரிந்து ஆலெப், பேத், கிமெல், தாலெத் என்ற தலைப்புகளோடு வருகிறது. அச்சகத்தில் ஒருமுறை அந்தப் பக்கங்களை நானே கோத்தேன். பொருள் தெரியாமலே கோத்தேன்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே கவனமாக இருக்க வேண்டுகிறேன். தமிழில் 'ஆ' என்றால் பசு. இங்கே மாடு, அங்கேயும் மாடு என்று யாராவது முடிச்சுப் போடுவார்கள். அது தற்செயல். பழைய தமிழ் எழுத்தான தமிழியில் 'க' கூட்டல் குறிபோல இருக்கும். பினீசிய எழுத்திலும் கூட்டல் குறிபோல ஒன்று உண்டு, ஆனால் அதன் ஒலி 'த'. உருவம் ஒத்திருந்தால் உறவு என்று ஆகிவிடாது. தமிழியோடு சேர்த்துப் பேசப்படும் பிராமி எழுத்து, பினீசியத்தின் பிள்ளையான அரமேயத்திலிருந்து தூண்டுதல் பெற்றது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்; இந்த மண்ணிலேயே முளைத்தது என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் பிள்ளைகளிடம் நேர்மையாகச் சொல்லலாம்.

நம் முறையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் எழுத்துக்குப் பொருளின் பெயரை வைக்கவில்லை. ஒலியையே பெயராக்கி அகரம், ஆகாரம், ககரம் என்றோம். உயிரைத் தனியே, மெய்யைத் தனியே பிரித்து, இரண்டும் சேர்வதையும் வரிசைப்படுத்தி அதை நெடுங்கணக்கு என்றோம். ஆல்ஃபபெட் போலவே முதல் எழுத்தால் பெயர்பெற்ற சொல் ஒன்றும் நம்மிடம் உண்டு. அகரம் ஆதியாக, அதாவது முதலாக, அடுக்கியது அகராதி. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் எழுத்தும் அந்தப் பக்கம் போயிருக்கிறது. சினாய்க் குன்றுக்குத் தெற்கே, செங்கடலின் எகிப்தியக் கரையில் குசேர் அல் கதிம் என்ற பழந்துறைமுகம் உண்டு. அங்கே கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பானை ஓடு ஒன்றில் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்று இருந்தது. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து, உறியில் தொங்கும் பானை என்று பொருள் சொன்னார். கடல் கடந்து போன ஒரு தமிழர் தம் பானையில் கீறிய வரி. சுரங்கக்காரர் தேவியை அழைத்தார். கானான் வீட்டுக்காரர் பேன் ஒழிய வேண்டினார். தமிழர் தம் பானைக்குப் பெயர் எழுதினார். எழுத்து இவர்கள் கையில்தான் எல்லாருக்கும் உரியதாயிற்று.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். முதல் வகுப்பில் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளில் பலர், தம் வீட்டில் முதன்முதலாக எழுதப் போகிறவர்கள். எழுத்து என்பது யாரோ பெரியவர்களின் சொத்து, தவறாகப் போட்டால் அடி விழும் என்ற அச்சத்தோடு பென்சிலைப் பிடிக்கிறார்கள். கல் உடைத்தவர்களும் கழுதை ஓட்டியவர்களும் புழங்கிய எழுத்து இது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். 'உன் வீட்டு மாட்டைத்தான் நீ எழுதுகிறாய்' என்று சொல்லுங்கள். பிடி தானே தளரும். கோடு தானே நேராகும். அன்று மாலை என் பேத்தியின் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, 'ஏ'க்கு இரண்டு கண்ணும் மூக்கும் வைத்துக் காட்டினேன். மீதிப் பக்கத்தை அவளே கேட்டு வாங்கி எழுதி முடித்தாள். ஒவ்வொன்றுக்கும் கண் வைத்தாள்.

இதற்குப் புதிய பாடநூலோ தனிப் பாடவேளையோ வேண்டாம். பத்து நிமிடமும் ஒரு சாக்பீஸும் போதும். அடுத்த ஜூன் மாதம் கரும்பலகையில் 'ஏ' போடும் முன் ஒரு மாட்டுத் தலையை வரையுங்கள். அதை மெல்லத் திருப்பி எழுத்தாக்கிக் காட்டுங்கள். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், தயவுசெய்து 'அது அப்படித்தான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவர்